முதல் கீபோர்டு

கேள்வி: மகள் பியானோ வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கையைக் கடிக்காத கீபோர்டு எது?
– ஒரு தாய், கிளமெண்டி

பதில்: பியானோவுக்கு 88 கட்டைகள். முதல் வருடத்துக்கு 61 போதும். இருப்பது பத்து விரல்தானே! ஆனால் மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் உரக்கவும் ஒலிக்காத கீபோர்டு, வாசல் அழைப்புமணிக்குச் சமம்; இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நூறு தாளம், இருநூறு குரல் என்று கடைக்காரர் அடுக்கினால் மயங்காதீர்கள். மகள் வாசிக்கப்போவது ஒரே குரல், பியானோ.

கிரேடு தேர்வு எண்ணமிருந்தால், கட்டைகளில் கனமுள்ள யமஹா பி-45 பழையதாகக் கிடைக்கிறதா என்று கேரோசல் இணையச் சந்தையில் தேடுங்கள். விற்பவர் முறைத்தாலும் 88 கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபிறகே பணம். மிச்சத்தில் ஆடாத ஸ்டாண்டு, ஒரு பெடல், ஹெட்போன். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக் குழந்தைக்கும் தூக்கம் வரவேண்டுமே!