அப்பாயி நடத்தும் கோடை முகாம்

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குள் வந்து விழுகிறார்கள். ஜூன் வரை வெளியே தள்ள வழியில்லை. மே 4 முதல் 28 வரை கத்திரி என்று காலண்டரில் போட்டிருக்கும். திருச்சிக்காரர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். எங்கள் ஊர் வெயில் காலண்டர் பார்த்து வருவதில்லை, மார்ச்சிலேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். காவிரிப் பாலத்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மணல் நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கேட்டில் நோட்டீஸ் செருகுகிறார்கள். அபாகஸ், ஸ்கேட்டிங், ரோபோ செய்வது, ஆளுமை வளர்ப்பு. ஆளுமை வளர்ப்புக்கு மட்டும் கேட்ட கட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத மளிகை வந்துவிடும். அதோடு, என் பிள்ளைகளுக்கு ஆளுமை ஏற்கெனவே தேவைக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்துத் தருகிற முகாம் எங்காவது நடந்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

ஆகவே வீட்டிலேயே முகாம். பயிற்சியாளர் என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பாயி. மாணவர்கள், ஏழாவது போகப்போகிற பெரியவளும் நாலாவது போகப்போகிற சின்னவனும். நான் நிர்வாகம். பிள்ளைகளின் அப்பா விளம்பரத் துறை. வேலை நடக்கிற இடத்துக்கு வருவார், செல்போனில் படம் எடுப்பார், 'குழந்தைகளோடு குவாலிட்டி டைம்' என்று சொந்தக்காரர்கள் குழுவில் போடுவார், வியர்க்கிறது என்று ஃபேனுக்கடியில் போய்விடுவார். அந்தப் படங்களுக்குத் துபாயிலிருந்து இதயம் வரும்.

வத்தலில் ஆரம்பித்தோம். ஜவ்வரிசியை ராத்திரியே ஊறவைத்து, விடிவதற்குள் அத்தை அடுப்பேற்றிவிட்டார். வெள்ளை மணிகள் வேக வேகக் கண்ணாடியாகும். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்து ஊற்றி, சீரகம் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். கிண்டுகிற பொறுப்பு பெரியவளுக்கு. கிண்டிக்கொண்டே, "ஜவ்வரிசி எந்தச் செடியில காய்க்கும்?" என்று கேட்டாள்.

விடுவேனா நான்? மரவள்ளிக்கிழங்கில் தொடங்கினேன். கிழங்கைத் தோல் சீவி அரைத்துப் பாலெடுப்பது, தெளியவிட்டு அடியில் படிகிற மாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்குவது, சேலம் வட்டாரத்தில் அதற்கென்றே ஆலைகள் இருப்பது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வரை வந்துவிட்டேன். அத்தை குறுக்கே புகுந்தார். "குறியீடு கிடக்கட்டும். அடி புடிக்குது, கிண்டச் சொல்லு."

மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தோம். கரண்டியால் கூழை எடுத்து வட்டமாக விட வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. அத்தை விட்டவை எல்லாம் ஒரே அளவு. பெரியவள் விட்டவற்றில் பாதி இலங்கை, மீதி ஆஸ்திரேலியா. சின்னவன் தன் பெயரை எழுதினான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைப்பதற்குள் கூழ் தீர்ந்துபோனதில் அவனுக்கு அன்று முழுக்கத் துக்கம்.

அப்புறம் காவல். காக்கைகளுக்கு எங்கள் மாடியின் வத்தல் அட்டவணை எங்களைவிட நன்றாகத் தெரியும். கறுப்புக் குடையை விரித்து வைப்பது, மிளகாய்வற்றலைக் கட்டித் தொங்கவிடுவது என்று அத்தையிடம் பரம்பரை ஆயுதங்கள் உண்டு. நான் என் பங்குக்கு ஒரு விஷயம் சொல்லிவைத்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்கில் கழித்து அதே முகமூடியோடு நடந்தாலும் காகங்கள் அடையாளம் கண்டு, கூட்டம் கூடித் திட்டித் தீர்த்தன. அறிவு வளரட்டும் என்றுதான் சொன்னேன். சின்னவன் மறுநாள் அவன் அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காவலுக்குப் போனான். மே மாத வெயிலில், மொட்டை மாடியில், முகக்கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு ஆள் கம்போடு நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா போன் செய்து, "உங்க மாடியில யாரோ நிக்கிறாங்க" என்றார்.

காகங்களிடமிருந்து காப்பாற்றிய வத்தலில் காவலர்களே கணிசமாகத் தின்றுவிட்டார்கள். அரைக்காய்ச்சலில் மேலே காய்ந்தும் உள்ளே வழவழவென்றும் இருக்கிற வத்தலுக்கு இணையான பண்டம் எந்தக் கடையிலும் கிடையாது. நானும் சாப்பிட்டேன். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தோம். தேறியது ஒரு டப்பா. அடுப்பெரித்த கேஸ், ஆள் கூலி எல்லாம் கணக்குப் பார்த்தால் கடைப் பாக்கெட்தான் மலிவு.

கூலி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாவது நாளே சின்னவன் ஒரு தாளோடு வந்தான். தட்டு கழுவினால் ஒரு நிமிடம் செல்போன், குக்கர் என்றால் மூன்று, அடிபிடித்த பால் பாத்திரம் பத்து. விலைப்பட்டியல் நியாயமாகத்தான் இருந்தது, அதிலும் பால் பாத்திரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு என்றுகூடச் சொல்வேன். ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்குக் கூலி என்று ஆரம்பித்தால் கல்யாணமான நாளிலிருந்து நான் பில் போட வேண்டியிருக்கும், உங்கப்பா வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்றேன். விளம்பரத் துறை அன்றைக்குப் பார்த்து ஒரு தம்ளரை அதுவாகவே கழுவி வைத்தது.

தொடப்பம்தான் பெரிய சிக்கலாகிப்போனது. சின்னவன் கையில் அதைக் கொடுத்ததும் அத்தை பதறிவிட்டார். "ஆம்பளப் புள்ளயப் போயி கூட்ட வைக்கிறியே." பேரன் மேல் பாசம், வேறொன்றுமில்லை. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை அத்தைக்குச் சொன்னேன். நம் நாட்டில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். செய்கிற ஆண்கள், 97 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியில்லை. அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "தொண்ணூத்தி ஏழு நிமிஷமா? எந்த ஊர்லடி அந்த ஆம்பளைங்க இருக்காங்க?" என்றார். அதற்கப்புறம் தொடப்பத்தை அவரே எடுத்துக் கொடுத்து, குனிந்து கூட்டுவது எப்படி என்றும் காட்டிக்கொடுத்தார். சின்னவன் நன்றாகவே கூட்டுகிறான். குப்பையை மட்டும் முறத்தில் அள்ளாமல் கதவுக்குப் பின்னால் சேமிக்கிறான்.

பிள்ளைகளோடு மனசு விட்டுப் பேசுங்கள் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் உபதேசம் செய்கிறார்கள். எங்கே பேசுவது? பெரியவளை எதிரில் உட்காரவைத்து, "என்னம்மா, ஸ்கூல்ல எல்லாம் எப்படிப் போகுது?" என்றால், "ம்" என்பாள். இன்னும் கொஞ்சம் தோண்டினால், "ஒண்ணுமில்லம்மா." விசாரணைக் கமிஷன் முன்னால் யார்தான் வாய் திறப்பார்கள்?

அதே பெண் புளி உடைக்கும்போது கொட்டுகிறாள். வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, வெயிலில் போட்டு, ஓட்டுத்துணுக்கும் நாரும் எடுத்து, கொட்டை நீக்கி, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கொட்டை எடுக்க ஆளுக்கொரு சின்னச் சுத்தியல். கண் புளியில் இருக்கும், கை வேலையில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாய் சும்மா கிடக்கிறது, அது தானாகத் திறந்துகொள்கிறது. அவளுடைய உயிர்த்தோழி பெஞ்சு மாறிப்போனது, கணக்கு டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை, சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆசை ஆனால் மெயின்ரோட்டைக் கடக்கப் பயம் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அத்தை என் பக்கம் இன்னொரு கை புளியை அள்ளிப் போட்டார். விவரமான மனுஷி.

பேச்சு வேகத்தில், மிக்சியின் சட்னி ஜார் பொங்கலன்று தானாக விழுந்து உடையவில்லை என்பதும் வெளியே வந்தது. தம்பியும் அக்காவும் போட்டிருந்த ரகசிய ஒப்பந்தம் அந்த இடத்தில் முறிந்தது. புளியங்கொட்டையை வைத்து மூன்று நாளைக்குப் பல்லாங்குழி நடந்ததால் சமாதானமும் அங்கேயே ஏற்பட்டது.

தண்ணீர் டிரம் கழுவுவதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, டார்ச்லைட் விவகாரத்தைத் தவிர. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மறுபடி நனைந்ததும் பொரியும். அதனால் சுவரைத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். இதை எதற்காகச் சொன்னேனோ தெரியவில்லை. பெரியவள் டார்ச்லைட்டும் நோட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் டிரம்மை முடித்து, பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் போய், அங்கே குறிப்பு எழுதி ஒட்டிவிட்டு வந்துவிட்டாள். மாநகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கண்டிப்பாகப் பேசியதில்லை என்று பக்கத்து வீட்டு மாமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட நாங்கள் சிரித்தது பரணை இறக்கியபோதுதான். பரணில் எங்கள் குடும்பத்தின் எவர்சில்வர் எல்லாம் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுப் பிள்ளைகள் தேய்க்கத் தேய்க்க, வெட்டிய பெயர்கள் வெளியே வந்தன. கல்யாணச் சீர், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் கொடுத்தவர் பெயர், தேதி. சின்னவன் உரக்கப் படிப்பான், அப்பாயி உறவு சொல்வார். "இவங்க உங்க தாத்தாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி. சண்டை போட்டுக்கிட்டுப் போனவங்க. குடம் மட்டும் கனமா வச்சாங்க, நல்ல மனசு." ஒரு சருவச்சட்டியில் என் கணவரின் பெயரும், அவர் பிறந்த தேதியும். தேதி ஒரு நாள் முந்தி வெட்டப்பட்டிருந்தது. பாத்திரக்கடைக்காரர் அவசரம்.

அப்போதுதான் அந்தத் தூக்குவாளி வந்தது. அதில் வெட்டியிருந்த பெயர் எங்கள் வம்சாவளியில் எங்கேயும் இல்லை. 1987 என்று மட்டும் தெளிவாக இருந்தது. சின்னவன் இரண்டு தடவை படித்தான். அப்பாயி காது கேட்காதவர் போல் அண்டாவைத் தேய்த்தார்.

"அப்பாயி, இது யாரு?"

"அது... பழைய வீட்டுக்குப் பக்கத்துல இருந்தவங்க. சாம்பார் குடுத்து விட்டாங்க."

"அப்ப இது திருட்டு வாளியா?"

"யாருடா திருடுனா? அவங்க மக கல்யாணத்துக்கு வாங்கிட்டுப் போன நம்ம இட்லிக் கொப்பரை இன்னும் அங்கதான் இருக்கு. அது வரட்டும், இது போகும்."

முப்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே நிற்கிற இந்த வழக்கில் பிள்ளைகள் மிகுந்த ஆர்வம் காட்டினார்கள். கொப்பரையை மீட்கப் போக வேண்டும் என்றான் சின்னவன், ஹெல்மெட் தயாராக இருப்பதாகவும் சொன்னான். வாளியைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்றாள் பெரியவள். விளம்பரத் துறை வாளியைப் படம் எடுத்துக் குழுவில் போடப்போனது. அத்தை போட்ட சத்தத்தில் அந்த ஒரு படம் மட்டும் துபாய்க்குப் போகவில்லை.

இந்த முகாமினால் என் வேலை குறைந்ததா என்றால், இல்லை. நான் தனியாக அரை மணியில் முடிக்கிற வேலைக்கு இவர்களோடு அரை நாள் ஆகிறது. அதற்கப்புறம் இவர்கள் வேலை பார்த்த இடத்தைச் சுத்தம் செய்வது தனி வேலை. நேரம் மிச்சமாகும் என்று நம்பி யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் அந்த நோட்டீஸ்காரர்களிடமே போய்விடலாம். பொழுதைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

துணி மடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற அம்மாக்களிடமும், படம் எடுத்து முடித்துவிட்ட அப்பாக்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மடித்துவைத்த துணியை அவர்கள் தூங்கியபின் பிரித்து, மறுபடி நேராக மடித்து அடுக்காதீர்கள். காலையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த நாள் கூப்பிட்டால் வரமாட்டார்கள். கோணலும் மாணலுமாக அப்படியே அலமாரிக்குள் போகட்டும். சட்டை கசங்குகிறதே என்று கவலையாக இருந்தால், பழகும்வரை அவர்கள் அப்பாவின் சட்டைகளை மட்டும் மடிக்கக் கொடுங்கள்.