கோவை சுவாமியும் அமெரிக்கப் பேரனும்

கேள்வி: காஸ்மிக் ஜாஸ் இசையை எடுத்து டான்ஸ் மியூசிக்காரர்கள் பீட் போடுகிறார்களே, அடுக்குமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அரியும் அரனும் ஓருடலாக நிற்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா!

அந்தக் காஸ்மிக் ஜாஸுக்கே நம் மண்ணின் சம்பந்தம் உண்டு. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்தபின் துயரில் இருந்த ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனுக்குக் குருவாக வாய்த்தவர், கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969-இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்தவரும் இவரே. 1971-இல் ஆலிஸ் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அதில் தம்பூரா ரீங்கரிக்கும், பேஸ் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், மேலே ஹார்ப் பொழியும். அந்தத் திரும்பத் திரும்ப வருதல்தானே டான்ஸ் இசைக்கும் அஸ்திவாரம்?

ஆலிஸின் தங்கை பேரன்தான் எலக்ட்ரானிக் இசைத் தயாரிப்பாளர் ஃப்ளையிங் லோட்டஸ். அவருடைய 'காஸ்மோகிராமா' ஆல்பத்தில் (2010) சாக்ஸபோன் வாசித்தவர் ஆலிஸின் மகன் ரவி. ரவிக்குப் பண்டிட் ரவிசங்கரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். பாட்டி சொத்து பேரனுக்குத்தானே!

பீட்டை ஏற்றி மற்றதை நசுக்கினால்தான் தப்பு. நசுக்காமலும் சேரலாம்: ஆலிஸின் அந்த 1971 ஆல்பத்தில் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸுடன் சேர்ந்து, டான்ஸ் இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் 2021-இல் 'பிராமிசஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். அதில் டிரம்ஸே கிடையாது.