பள்ளிக்கு ஒன்று, பட்டத்துக்கு ஒன்று

மொரோக்கோவின் கல்வி மொழிக் கொள்கை மாணவர்களைத் தவிர வேறு யாரையும் சிரமப்படுத்தியதில்லை. 1956இல் விடுதலை பெற்ற நாடு, பிரெஞ்சை இறக்கி அரபியை அரியணையில் ஏற்ற உறுதிபூண்டது. 1990 வாக்கில் அரசுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் மேல்வகுப்பு வரை அரபிக்கு மாறிவிட்டன. பல்கலைக்கழகங்களின் மருத்துவம், பொறியியல், அறிவியல் புலங்கள் மட்டும் பிரெஞ்சிலேயே நீடித்தன. அரியணை பல்கலைக்கழக வாசலோடு நின்றுபோனது.

பள்ளி முழுக்க அரபியில் இயற்பியல் படித்தவர், கல்லூரியின் முதல் வகுப்பில் பிரெஞ்சு விரிவுரைக்கு முன் திகைத்து உட்கார்ந்தார். புரியாதவர்கள் பலர் அரபி வழியில் நடந்த சட்டம், இலக்கியம், இஸ்லாமியக் கல்வி என்று ஒதுங்கினர். பட்டம் கிடைத்தது. வேலை தர வேண்டிய தனியார் நிறுவனங்களோ பிரெஞ்சு கேட்டன. தலைநகர் ரபாத்தில் நாடாளுமன்றத்தின் எதிரே வேலையற்ற பட்டதாரிகள் கூடிப் போராடுவது பல ஆண்டு வழக்கமாயிற்று. அரபிமயத்தை மேடையில் முழங்கிய மேட்டுக்குடியினர் பலரின் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர்கள். உபதேசம் ஊருக்குத்தான். இத்தனைக்கும் பெரும்பாலான வீடுகளில் பேசுவது மொரோக்கோவின் பேச்சு அரபியான தாரிஜா அல்லது பெர்பர் மொழியான அமாசிக். பாடநூல் அரபி அங்கே விருந்தாளி.

2019இல் வந்த 51.17ஆம் எண் சட்டம், பள்ளி அறிவியலைப் பிரெஞ்சுக்குத் திருப்ப வழிவிட்டது. பக்கத்து நாடான அல்ஜீரியா இன்னும் துணிச்சல்காரர்: அங்கே பிரெஞ்சில் படித்துப் பிரெஞ்சில் கற்பித்த பேராசிரியர்கள் இப்போது ஆங்கிலத்தில் பாடம் நடத்த அந்த மொழியைக் கற்கிறார்கள்.