செவ்வாய் தோஷம் இல்லை, டேலி தெரியும்

1996-ல் பி.காம். முடித்த எங்கள் தெருப் பையன்கள் நாலு பேருக்கும் ஒரே வேலை விண்ணப்பம்தான். எழுதியவர் பாளையங்கோட்டையில் டைப் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த மாஸ்டர். லோயர் பாஸ் செய்தவனுக்கு அவர் தரும் பிரசாதம் அது. 'தங்கள் மேலான நிறுவனத்தில்' காலியிடம் இருப்பதை அறிந்தேன் என்று இங்கிலீஷில் தொடங்கி, மேலதிகாரிகள் பூரண திருப்தி அடையும்படி உழைப்பேன் என்று முடியும். நடுவில் 'ஐ பெக் டு அப்ளை' என்று ஒரு வரி. அப்பாவுக்கு அது மட்டும் உறுத்தும். "பிச்சை எடுக்கதுக்கு எதுக்குல பி.காம்.?" என்பார்.

அதற்குக் கவரிங் லெட்டர் என்று பெயர். கவருக்குள் வைப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். 'கவர் கொடுத்தால்தான் வேலை' என்று ஊரில் பேசிக்கொண்டது வேறு கவர் என்பதும் பிற்பாடுதான் புரிந்தது.

சிக்கனமாக, மெஷினில் மூன்று கார்பன் தாள் சொருகி ஒரே அடியில் நாலு பிரதி எடுத்தோம். பெயரை மட்டும் பேனாவால் நிரப்பினோம். மேல் தாள் யாருக்கு என்பதில் அடிதடி. நாலாவது பிரதி எனக்கு வந்தது. எழுத்தெல்லாம் காய்ச்சலில் கிடந்து எழுந்தது மாதிரி இருக்கும். தூத்துக்குடியில் ஒரு கம்பெனிக்கு நாலையும் ஒரே நாளில் தபாலில் போட்டோம். 'நான் வீட்டுக்கு மூத்த மகன், இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டும்' என்று நாலு பேரும் அழுதிருந்தோம். எனக்குத் தங்கை ஒன்று. இன்னொருவனுக்கு அண்ணன்மார் மூன்று பேர். பதில் வரவில்லை. ஈமெயிலில் இன்று எல்லோரும் தட்டும் 'சிசி' அந்தக் கார்பன் காப்பியின் சுருக்கம்தான் என்று அறிந்தபோது, நாலாவது பிரதிக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

2002-ல் ஈமெயில் காலம் வந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். என் ஃப்ளாப்பியில் 'பயோடேட்டா' என்று இரண்டு ஃபைல்கள். ஒன்று என் வேலைக்கு, இன்னொன்று தங்கச்சி கல்யாணத்துக்கு. நம் ஊரில் இரண்டுக்கும் அதுதானே பெயர்? கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனி ஒன்றுக்கு மாஸ்டரின் கடிதத்தை அப்படியே அடித்து, பயோடேட்டாவை இணைத்து, மணி முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பினேன்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு பி.பி. நம்பருக்குப் போன். "கோயம்புத்தூர்லருந்து பேசுதாங்க" என்றதும் அம்மா மாவுக்கையோடு ஓடினாள், மாப்பிள்ளை வீடென்று. ரெண்டு நிமிஷம் சீர்வரிசை வரை பேசிவிட்டு, முகம் வெளுத்து ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"தம்பிங்களா? உத்திர நட்சத்திரம், மாநிறம், செவ்வாய் தோஷம் இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க. சந்தோஷமுங்க. டேலி தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். வேறென்ன செய்திருக்கிறீர்கள் என்றார். மாஸ்டரின் வரி ஒன்றும் வாயில் வரவில்லை. மாமாவின் மளிகைக்கடைக் கடன் நோட்டை எட்டு மாதம் சரிபார்த்து, வராது என்று கைகழுவிய 11,000 ரூபாயை வசூலித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதைய எழுதறதுக்கென்னங்க? அறுபது லெட்டர் படிச்சேன், அத்தனை பேரும் எனக்குப் பூரண திருப்தி தர்றேங்கறாங்க. கடன் நோட்டுத்தான் இங்கெ பிரச்சினை" என்றார். வேலை கிடைத்தது. தங்கச்சிக்கு மாப்பிள்ளை மதுரையில் கிடைத்தார், தபாலில்.

போனில் பேசிய அந்த மேனேஜர் சொன்னது புதிதில்லை. 1480-களில் லியனார்டோ டா வின்சி மிலான் நகர ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று போருக்கு ஆகிற காரியங்களாக அடுக்கி, ஓவியம் வரைவதைக் கடைசியில்தான் சேர்த்திருக்கிறார். எங்கள் மாஸ்டர் கையில் அது சிக்கியிருந்தால் 'மோனலிசா போன்ற தங்கைகள் இருவர்' என்று திருத்தியிருப்பார்.

இப்போது விண்ணப்பங்களைப் படிக்கும் நாற்காலி என்னுடையது. சப்ஜெக்ட் இல்லாத மெயில், 'டியர் சார்' என்று போட்டு நாற்பது கம்பெனி முகவரியையும் 'டூ'வில் வரிசையாக வைத்த மெயில் (எங்கள் போட்டியாளர்களில் யார் யாருக்கு ஆள் தேவை என்பதை நான் அதில்தான் தெரிந்துகொள்கிறேன்), இணைத்திருக்கிறேன் என்று சொல்லி எதையும் இணைக்காத மெயில். இவற்றின் மீது எனக்குக் கோபமில்லை, அனுபவஸ்தன். புதிதாக வருபவைதான் பயமுறுத்துகின்றன. ஒரு பிழை கிடையாது, வழவழவென்று இருக்கின்றன. எழுதியது ஏ.ஐ. 'மோனோபிளாக் பம்புகளின் மீது எனக்குத் தீராத வேட்கை' என்கிறான் இருபத்திரண்டு வயதுப் பையன். அதே வேட்கை அன்று மத்தியானத்துக்குள் இன்னும் ஒன்பது பேருக்கு வந்துவிடுகிறது. மாஸ்டர் சாகவில்லை, மெஷினை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். மேல் தாளுக்குச் சண்டை போட வேண்டியதில்லை, எல்லாமே மேல் தாள்.

போன மாதம் ஒரு மெயில். செல்போனில் தட்டியது, மரியாதைக்கு ஒரு வணக்கம் மட்டும். 'சார், அப்பா கடைல 3 வருசமா மோட்டார் காயில் கட்டறேன். இந்த மாசம் உங்க கம்பெனி மோட்டார் 7 வந்துச்சு. அதுல 5 ஒரே இடத்துல எரிஞ்சிருக்கு. வந்து காட்டட்டுங்களா?'

ரெண்டு தடவை படித்தேன். சர்வீஸ் பிரிவில் நாங்கள் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிய இடம் அது. உடனே பதில் அடித்தேன்: "நாளைக்கே வாங்க தம்பி. அதுக்கு முன்னாடி பயோடேட்டா அனுப்பிவையுங்க."

அஞ்சு நிமிடத்தில் மறுபதில் வந்தது.

"எதுங்க சார், ஜாதகத்தோட இருக்கறதுங்களா?"