சொத்தைக் கத்திரிக்காய் கம்ப்யூட்டர்

ஈஸ்ட் ஹாம் சித்தப்பா போன தடவை ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பிணம். கறுப்பு உடம்பு, சாம்பல் நிறத்தில் ரப்பர் விசைகள், ஓரத்தில் வானவில் கோடு. 1982ஆம் வருஷத்து இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்.

"நாப்பத்தெட்டு கே மெமரிடா. அந்தக் காலத்துலயே 175 பவுண்டு. நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, இதுக்கு உயிர் குடுத்துப் பாரு" என்றார். 175 என்றதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருஷத்துச் சண்டை போலிருக்கிறது என்று நானும் மேலே கேட்கவில்லை.

அன்று ராத்திரியே அடியிலிருந்த ஐந்து திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். முறுக்கு ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. விசைப்பலகையிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு பிளாஸ்டிக் நாடாக்கள் அவை. இத்தனை வருஷத்தில் காய்ந்து அப்பளமாகி, யாராவது தொடுவார்களா என்று காத்திருந்திருக்கின்றன. சரி, வேறு வாங்கிக்கொள்ளலாம், இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். என்னை உட்கார வைத்தது மதர்போர்டு. சாம்பார் வருவதற்குள் ஜனங்கள் எழுந்து போன பந்தி மாதிரி வரிசையாகக் காலி சாக்கெட்டுகள். எண்ணினேன். நாற்பது கால் சிப்புக்கான பெரிய சாக்கெட் ஒன்று, சின்னது பன்னிரண்டு. மொத்தம் பதின்மூன்று சிப் களவு போயிருக்கிறது என்று முடிவு கட்டி, முகம் தெரியாத திருடனை வாயாரத் திட்டினேன்.

திட்டியது தப்பு. இந்த போர்டில் எது காணாமல் போனது, எது பிறவியிலேயே இல்லாதது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இதைச் செய்து விற்ற சர் கிளைவ் சின்கிளேரின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும்.

1961இல் கம்பெனி ஆரம்பித்தபோதே அவருடைய முதல் தொழில் ரகசியம், மற்றவர்கள் தேறாது என்று கழித்த டிரான்சிஸ்டர்களை அள்ளி வந்து, சோதித்து, தேறியதைத் தன் பெயரில் விற்பது. சந்தை கலைகிற நேரத்தில் போய் சொத்தைக் கத்திரிக்காயைக் கூறாக வாங்கி, வீட்டில் வந்து புழு இருக்கிற பக்கத்தை வெட்டிவிட்டுக் குழம்பு வைக்கிற சாமர்த்தியம். என் பாட்டிக்கும் அது உண்டு. ஆனால் பாட்டியை யாரும் மூளைக்காரர்களின் மென்சா சங்கத்துக்குத் தலைவராக்கவில்லை. இவரை ஆக்கினார்கள், பிரிட்டன் கிளைக்கு, 1980லிருந்து 1997 வரை.

1972இல் சட்டைப்பையில் வைக்கிற கால்குலேட்டர் கொண்டுவந்தார். சிப்புக்கு மின்சாரம் தொடர்ந்து கொடுத்தால் குட்டி பேட்டரி தாங்காது. ஆகவே விட்டு விட்டுக் கொடுத்தார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மின்னூட்டம் வடிவதற்குள் அடுத்த கவளம். வேலையாளுக்கு மயக்கம் வருகிற நேரத்தைத் துல்லியமாகக் கணக்கெடுத்து, அதற்கு ஒரு நொடி முன்னால் சோறு போடுவது போல. மோசமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டும், அது அபாரமான மூளை. 1975இல் அதே மூளை பிளாக் வாட்ச் என்று ஒரு கைக்கடிகாரம் செய்தது. பேட்டரி பத்து நாள் தாங்கினால் பெரிது. வெயிலுக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் காட்டும். நைலான் சட்டை உரசினால் சிப் போய்விடும். கம்பெனியையே அது கடலில் தள்ளப் பார்த்தது.

1980இல் வந்த இசட்எக்ஸ்80தான் என் அபிமானம். 99 பவுண்டு 95 பென்ஸ். நூறு பவுண்டுக்குள் அதுவரை யாரும் முழுக் கம்ப்யூட்டர் கொடுத்ததில்லை. அதன் முதுகில் சூடு வெளியேறக் காற்றுத் துவாரங்கள் வரிசையாக இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் துவாரமே இல்லை, வெறும் கறுப்புக் கோடு. ஜன்னல் வைக்கக் காசில்லாமல் சுவரில் ஜன்னல் படம் வரைந்த வீடு! அடுத்த வருஷத்து இசட்எக்ஸ்81க்குக் கூடுதல் மெமரியைப் பின்னால் செருக வேண்டும். செருகியது ஆடும். ஆடினால் இரண்டு மணி நேரம் தட்டெழுதியது கோவிந்தா. ஜனங்கள் சுவரில் படம் ஒட்டுகிற களிம்பை அப்பிக் கம்ப்யூட்டரைக் காப்பாற்றினார்கள்.

இந்தப் பரம்பரையில்தான் 1982 ஏப்ரல் 23 அன்று ஸ்பெக்ட்ரம் பிறந்தது. பிபிசி தன் கணினிக் கல்வித் திட்டத்துக்கு ஏகார்ன் கம்பெனியின் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்ட கடுப்பில் இருந்தார் சின்கிளேர். அந்த பிபிசி மைக்ரோவின் பெரிய மாடல் 399 பவுண்டு. இவருடையது 16 கே என்றால் 125, 48 கே என்றால் 175. டண்டீயில் டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலையில் செய்தார்கள். ஆன் ஆஃப் சுவிட்ச் கிடையாது, அதற்கும் காசுதானே. அணைக்க வேண்டுமானால் ஒயரைப் பிடுங்கு. உள்ளே இருக்கிற 16 கே ரோம்கூட அரைகுறைப் பிரசவம். எழுதியவர்கள் முழுசாக முடிப்பதற்குள் இயந்திரம் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ஆயிரம் பைட்டுக்கு மேல் இன்றைக்கும் அதில் வெறும் காலி. காலி மனையாகவே பட்டா கொடுத்துவிட்டார்கள்.

இப்போது என் பன்னிரண்டு காலி சாக்கெட்டுக்கு வருவோம். வரைபடத்தைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எட்டு, மேல் 32 கே மெமரிக்கான சாக்கெட். மீதி நாலு அந்த மெமரிக்கு எடுபிடி வேலை பார்க்கிற சிப்புகளுக்கு. 16 கே மாடலில் இந்தப் பன்னிரண்டையும் தொழிற்சாலையிலேயே வைக்க மாட்டார்கள். பின்னால் வசதி வந்தால் வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்று சாக்கெட்டை மட்டும் விட்டு வைப்பார்கள். சாக்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எந்தச் சிப்பும் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "சித்தப்பா, இது 16 கே. 125 பவுண்டுதான் ஆகியிருக்கும்."

"டேய், மெதுவா பேசு. உங்க சித்தி பக்கத்துலதான் இருக்கா."

"அப்ப மீதி அம்பது?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? பெரிய சிப்பு ஒண்ணு இருக்காதே, அது என்னன்னா, 86லயோ என்னவோ கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் இரவல் கேட்டான். திருப்பித் தரேன்னு சொல்லியிருக்கான்."

ஆக, திருட்டே நடக்கவில்லை. பன்னிரண்டு சிக்கனம், ஒன்று இரவல்.

முதலில் இருக்கிற 16 கேவை எழுப்ப வேண்டும். அடாப்டரைக் கையில் எடுக்கிறபோதே ஒரு சூட்சுமம் உண்டு. மற்ற பெரும்பாலான சாமான்களுக்கு முள்ளின் உள்பக்கம் பாசிட்டிவ் என்றால், இங்கே உள்பக்கம் நெகட்டிவ். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகியவர்கள் பலர் கருகல் வாசனையில் அதைக் கற்றார்கள். ஒன்பது வோல்ட் உள்ளே வந்ததும் ஒரு பாகம் ஐந்தாக இறங்கும். இன்னொரு பாகத்தை, ஒரு கம்பிச் சுருளையும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாகவும் மைனஸ் ஐந்தாகவும் மாற்றுவார்கள். இவ்வளவு தடபுடலும் கீழ் மெமரியில் இருக்கிற 4116 சிப் எட்டுக்காக. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அவற்றுக்கு மூன்று விதமாகப் பரிமாற வேண்டும்: ஐந்து, பன்னிரண்டு, மைனஸ் ஐந்து. அதிலும் மைனஸ் ஐந்து முதலில் வந்து கடைசியில்தான் எழுந்து போக வேண்டும். அது வராமல் பன்னிரண்டு மட்டும் வந்தால் கோபத்தில் உயிரையே விட்டுவிடும்.

மல்டிமீட்டரை வைத்தேன். மைனஸ் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் சுத்த சூனியம். டிஆர்4 போயிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஸ்பெக்ட்ரம் செத்தால் பாதி ரிப்பேர்க்காரர்கள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். மின்சாரம் ஓடும்போது பின்னால் எதையாவது செருகினாலோ பிடுங்கினாலோ போதும். டிஆர்4ஐயும் பக்கத்துணை டிஆர்5ஐயும் மாற்றினேன். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். மெமரி எட்டில் மூன்று ஏற்கெனவே சிவலோகம். விரல் வைத்தால் தோசைக்கல். பழைய போர்டுகளிலிருந்து கழற்றி விற்கிறவர்களிடம் மூன்று வாங்கிப் போட்டேன். அந்த மூன்றும் எத்தனை வீடு பார்த்தவையோ.

நடுவில் ஒரு வெட்கக்கேடு. இசட்80 பிராசஸரின் தலைமேல் ஒரு டிரான்சிஸ்டர் கால்களைப் பரப்பிக்கொண்டு சிலந்தி மாதிரி படுத்திருந்தது. எவனோ அரைகுறை மெக்கானிக் வைத்த ஒட்டு என்று நினைத்து, ஒரு சமூகசேவையாக அதைக் கழற்றி எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தொழிற்சாலையே வைத்தது. யூஎல்ஏ சிப்பின் வடிவமைப்பில் தவறு இருந்தது. திருத்திய சிப் வரும்வரை யார் காத்திருப்பது? முதல் பதிப்பு போர்டுகளில் இன்னும் கேவலம். ஒரு சின்னச் சிப்பை மல்லாக்கப் படுக்க வைத்து, ஆகாயத்தைப் பார்க்கிற கால்களில் ஒயரைப் பற்றவைத்து அனுப்பினார்கள். அதற்கு வைத்த செல்லப்பெயரே செத்த கரப்பான். என்னுடையது இரண்டாம் பதிப்பு. பரிணாம வளர்ச்சியில் கரப்பான் சிலந்தியாகியிருக்கிறது. குப்பைக்கூடையில் தேடி எடுத்து, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வைத்தேன்.

அந்த யூஎல்ஏதான் காலியாக இருந்த பெரிய சாக்கெட்டின் சொந்தக்காரர். திரையில் படம் வரைவது, விசைகளைக் கவனிப்பது, கேசட்டோடு பேசுவது, பீப் என்று கத்துவது எல்லாம் ஒரே ஆள். ஃபெரான்டி கம்பெனி சுவர் எழுப்பிய வீடு மாதிரி சிப்பைச் செய்து வைத்திருக்கும். கடைசி உலோக இணைப்பை மட்டும் வாடிக்கையாளர் சொல்கிறபடி போட்டுத் தரும். மலிவு. இந்த வித்தையால்தான் இசட்எக்ஸ்80இன் 21 சிப், இசட்எக்ஸ்81இல் நாலாகச் சுருங்கியது. ஆனால் அந்த அசல் சிப்பை இன்றைக்கு யாரும் செய்வதில்லை. இசட்80ஆவது 1976இல் ஆரம்பித்து 2024 வரை செய்தார்கள். இது ஸ்பெக்ட்ரமோடு பிறந்து ஸ்பெக்ட்ரமோடு போனது. இரவல் வாங்கிய புண்ணியவானை நாற்பது வருஷம் கழித்து எங்கே தேடுவது? மூலை உடைந்து மீட்க முடியாத இன்னொரு போர்டின் யூஎல்ஏவைப் பேரம் பேசி வாங்கினேன்.

செருகி, ஒயரைக் குத்தினேன். திரை கறுத்தது, வெளுத்தது, அடியில் ஒரு வரி: 1982 சின்கிளேர் ரிசர்ச் லிமிடெட். சத்தமே இல்லை. நான்தான் கத்தினேன். 23732, 23733 ஆகிய இரண்டு இடங்களையும் பீக் செய்து மெமரி எல்லையைக் கேட்டேன். 32767. பதினாறு கே, சித்தப்பாவின் குட்டு ஊர்ஜிதமானது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலிப் பந்தியைப் பார்த்துக்கொண்டு எப்படித் தூங்குவது? அங்கேதான் சர் கிளைவின் உச்சகட்டம். 48 கே மாடலுக்கு 32 கே தருகிற சிப் எட்டு வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? 64 கே சிப்புகளில் ஒரு பாதி செத்துப்போய் விலைபோகாதவற்றை மலிவாக வாங்கினார். இருபது வருஷம் கழித்தும் அதே கத்திரிக்காய்! சிலவற்றுக்கு மேல் பாதி சொத்தை, சிலவற்றுக்குக் கீழ் பாதி. ஒரே பக்கம் சொத்தையானதாகப் பொறுக்கி எட்டெட்டாகச் சேர்ப்பார்கள். போர்டில் ஒரு சின்னக் கம்பி இணைப்பு உண்டு. இந்த எட்டுக்கும் எந்தப் பாதி நல்லது என்று அதில் சொல்லிவிட்டால், செத்த பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வெளியே தெரியாது. ஐம்பது லட்சம் ஸ்பெக்ட்ரமுக்கு மேல் விற்றது. 1983இல் ராணி சர் பட்டம் கொடுத்தார்.

சர் பட்டத்துக்குப் பிறகு கதை வேகமாகச் சரிந்தது. 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில், சின்கிளேர் இயந்திரங்கள் அடிக்கடி ரிப்பேராகின்றன என்று குத்திக்காட்டி ஏகார்ன் விளம்பரம் போட்டதற்காக, கேம்பிரிட்ஜ் மதுக்கடை ஒன்றில் அதன் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் கரியைச் செய்தித்தாளைச் சுருட்டி அடித்தார் சர் கிளைவ். கரி, ஒருகாலத்தில் அவரிடமே வேலை பார்த்தவர். அடுத்த மாதமே, ஜனவரிக் குளிரில், கூரையில்லாத சி5 மின்வண்டியை அறிமுகப்படுத்தினார். 1986இல் கம்ப்யூட்டர் வியாபாரம் ஐம்பது லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராடிடம் போனது.

நான் 4164 சிப் எட்டு வாங்கினேன். முழு 64 கே, இரண்டு பாதியும் உயிரோடு இருப்பவை. எடுபிடிகள் நாலையும் சேர்த்துச் செருகியாயிற்று. பாக்கி அந்தக் கம்பி இணைப்பு. சால்டரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றேன். போர்டு நாற்பது வருஷமாக அதே கேள்வியைத்தான் கேட்கிறது: எந்தப் பக்கம் சொத்தை? எதுவுமே சொத்தையில்லை என்று பதில் சொல்ல அதில் இடமே வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, மேல் பாதி என்று புளுகிவிட்டேன். நம்பிக்கொண்டது. 65535 என்றது.

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "இப்ப நிஜமாவே நாப்பத்தெட்டு, சித்தப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லு. கொஞ்சம் சத்தமா."