நெய்தல் திணையில் ரெடிமேட் பிரேம்: ஒரு முன்னாய்வு

ஐந்திணைக்கும் தெய்வம், பறை, பண், பறவை என்று ஒன்று விடாமல் வகுத்துவைத்த நம் இலக்கணக்காரர்கள், எந்தத் திணைச் சுவரில் எந்தப் பிரேம் மாட்டலாம் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். அப்போது போட்டோ இல்லையே என்பது அரைச் சமாதானம்தான். சுவர் இருந்தது, அதைப் பார்க்க விருந்தாளியும் வந்தார். இக்குறையை நெய்தல் அளவிலாவது தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கம். களம்: புத்தளம் மாவட்டக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் உடப்பு. பொருள்: முதலாளியே கல்லாவிலும் இருந்து கண்ணாடியும் வெட்டுகிற சிறு பிரேம் கடைகளில் தொங்கும் ரெடிமேட் வகைகள். இதய வடிவம், மணிக்கூடு வைத்தது, சிப்பி ஒட்டியது, மின்மினி லைட் எரிவது, குழந்தையின் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ஓட்டை போட்டது ஆகியன அடங்கும். ஆய்வுக்கு எவரும் நிதி தரவில்லை, கேட்கவும் இல்லை.

பிரேம் வரலாறு இரண்டு யுகம். முதலாவது, படம் முந்திய யுகம். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் தாளில் இறக்கிய பிறகு, கும்பிட நினைத்தவர்கள் தாளைச் சுருட்டிக்கொண்டு பிரேம் கடை தேடிப் போனார்கள். பிறகு கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமிகள் காலண்டரில் ஏறின. வருஷம் முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்கும் சாமி கண்ணாடிக்குள்ளும் போயின. ஸ்டீபன் இங்லிஸ் என்ற ஆய்வாளர் கொண்டையராஜு பற்றி எழுதிய கட்டுரைக்கு ‘பிரேம் போடத் தக்கது’ என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார். ஆக, இத்துறையில் நாம் முதல் ஆள் இல்லை. இரண்டாம் இடத்தையாவது விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இரண்டாவது, பிரேம் முந்திய யுகம். இப்போது பிரேம் சீனாவில் இருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை மொத்தக் கடையில் இறங்கி, சிலாபம் நகரத்துப் பிரேம் கடையின் கண்ணாடி அலுமாரியில் உட்கார்ந்து, படம் வரட்டும் என்று காத்திருக்கிறது. அதுவரை சும்மாவும் இருப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கிறது: தங்கத் தலைமுடியும் குறைவில்லாத பல்வரிசையுமாக அப்பா, அம்மா, ஆண் ஒன்று, பெண் ஒன்று. வாங்கிப் போன வீட்டிலும், சொந்தப் படம் கழுவி வரும் வரை, பல சமயம் வராமலே போகும் வரை, ஷோகேஸில் இவர்களே இருப்பார்கள். புது மருமகள் வந்து, இவர்கள் எந்த வழியில் சொந்தம் என்று கேட்காதிருப்பது அவளுடைய நல்ல வளர்ப்பைக் காட்டும்.

கடையில் நடக்கும் உரையாடலுக்கு ஒரு மாதிரி:

“தம்பி, இந்த வெள்ளக்காரப் புள்ளய எடுத்துட்டு என் பேரனை வையுங்க.”

“வைக்கலாம்மா. பேரனுக்கு ஒரு காது போகும்.”

“எந்தக் காது?”

இந்தக் கேள்வியில்தான் நம் ஆய்வின் மையம் இருக்கிறது. காது போவதற்குக் காரணம் கடைக்காரரின் கை இல்லை, கணக்கு. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமுமான படக்கட்டத்தை நிலைநாட்டியது. அந்த இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் இன்றும் ஸ்டூடியோ கமராவில் இருக்கிறது. 4×6 அங்குலப் படம் அதற்கு அச்சாகப் பொருந்தும். 8×10 என்பதோ அதற்கு முந்திய, பெரிய பிளேட் கமரா காலத்து அளவு. கமராக்காரரும் பிரேம்காரரும் நூறு வருஷமாக இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே கல்யாண வீட்டுக் குழுப்படத்தை வெட்டாமல் போட்டால் 8×12 வரும். 8×10 பிரேமுக்குள் போக வேண்டுமானால் இரண்டு அங்குலம் கழிய வேண்டும். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்ற படத்தில் இரண்டு அங்குலம் என்பது இந்த ஓரத்தில் ஒரு சித்தப்பா, அந்த ஓரத்தில் ஒரு மாமி. ஓரத்தில் நிற்பவர் எப்போதும் கடைசியாக வந்தவர். கடைசியாக வந்தவர் ஏற்கெனவே மனத்தாங்கலோடு வந்தவர். இதன் பின்விளைவுகள் சமூகவியலாருக்கு உரியவை. போனில் எடுத்த நாலுக்கு மூன்று படத்துக்குச் சேதம் குறைவு. முக்கால் அங்குலம்கூட இராது. ஒரு காது என்றது அதைத்தான்.

இனி ஓட்டைக் கணக்கு. ‘ஃபேமிலி’ என்று எழுத்துப் பொறித்த பிரேமில் நாலு ஓட்டை இருக்கும். உடப்போ திரௌபதை அம்மன் ஊர். ஆடியில் பதினெட்டு நாள் விழா நடந்து தீமிதியில் முடியும் ஊர். அந்த ஊர்க் காவல் தெய்வத்தின் குடும்பத்தையே இந்தப் பிரேமில் வைக்க முடியாது. பாண்டவர் ஐவர், திரௌபதை, குந்தி என்று குறைந்தது ஏழு ஓட்டை வேண்டும். நாலு ஓட்டையில் வைத்தால் நகுலன், சகாதேவன் உட்பட மூவர் மறுபடி அஞ்ஞாதவாசம் போக வேண்டியதுதான். ‘லவ்’ என்ற இரட்டை ஓட்டைப் பிரேமை எடுத்தாலும், அந்த அம்மன் கோயிலிலேயே பார்த்தசாரதி ருக்மணி, சத்தியபாமா சமேதராக இருக்கிறார். மூன்றாவது ஓட்டைக்கு எங்கே போவது? மகாபாரதம் படித்த எவரும் இந்த வடிவமைப்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்பது பெறப்படும்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் படம் வேறு சிக்கல். கயிறு, கயிற்றைப் பிடித்த ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள், கடைசியில் கடல் என்று அது நீண்டுகொண்டே போகும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மட்டும் போதும் என்று நடுவில் வெட்டினால், ஒரு மனிதர் தனியாக நின்று கடலை அதட்டுவதுபோல் இருக்கும்.

நெய்தலின் கருப்பொருளில் உப்பு உண்டு என்று படித்திருக்கிறோம். அது கடலிலும் உப்பளத்திலும் மட்டும் இருக்கிறது என்று நினைத்தது பிழை. பிரேமின் பின்பக்கத்திலும் இருக்கிறது. ரெடிமேட் பிரேமைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: அட்டையைப் பிடித்திருக்கும் மெல்லிய தகர நாக்குகள், ஒரு கொக்கி, நிமிர்த்தி வைக்க ஒரு முட்டுக்கால். உப்புக் காற்று முதலில் நாக்குகளைத் தின்னும். பிறகு மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் குடித்து மூலையில் உப்பும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் போட்டோவின் மேற்பூச்சு இளகும். கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இல்லையென்றால் பிடித்த பிடியை விடாது. அப்புறம் உரித்தால் மாப்பிள்ளையின் நெற்றி கண்ணாடியோடு வரும். கைத்தொழில் தெரிந்த கடைக்காரர் இதற்காகத்தான் நடுவில் ஓர் அட்டை விளிம்பு வெட்டி வைக்கிறார், பின்பக்கத்தை டேப் அடித்து மூடுகிறார், கொக்கியை மாற்றுகிறார்.

இங்கே நம் கருதுகோள் வெளிப்படுகிறது. ரெடிமேட் பிரேம் எதற்கும் ரெடி இல்லை. அதனாலேயே பிரேம் கடை பிழைக்கிறது. அளவெடுத்துச் செய்யும் பிரேமுக்குத் தவணை சொல்ல வேண்டும்; பேர்த்டே பார்ட்டியோ இன்றைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு. வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அலுமாரியில் இதயங்கள் தொங்க வேண்டும். அதே இதயம் ஃபேன்சி கடையிலும் கிடைக்கும். ஆனால் அங்கே காதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டபோது, கப்பலில் வரும் இதயத்துக்கும் விலை ஏறியது. அப்போது பழைய பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடியை மட்டும் மாற்றச் சொல்வது அறிவுள்ள செயலாயிற்று. அதற்கும் பிரேம் கடைதான்.

எல்லாவற்றிலும் வலிய சான்று உரிப்பொருளில் கிடைக்கிறது. நெய்தலுக்கு உரியது இரங்கல். ரெடிமேட் தொழிற்சாலைக்கோ மரணம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது எழுத்துப் பொறிக்கும் எல்லாப் பிரேமும் மகிழ்ச்சி, அன்பு, குழந்தை, நட்பு என்றே சொல்லும். முப்பத்தோராம் நாளுக்கு மாட்ட ஒன்றும் இராது. இறந்தவரின் அடையாள அட்டைப் படத்தை ஸ்டூடியோ பெரிதாக்கும். ஆயுளில் ஒருநாளும் கோட்டு போடாமல் வலை இழுத்த மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிடும். பின்னால் நீல வானமும் கொடுக்கும். அதற்குத் தங்க வரி ஓடிய கனமான சட்டம், நாலு மூலையும் நாற்பத்தைந்து பாகையில் வெட்டிச் சேர்த்து, மாலை தொங்க மேலே இரண்டு ஆணி, சிவப்பு பல்புக்கு வயர் போக ஓரத்தில் ஒரு துளை. அந்தத் துளையை எந்தத் தொழிற்சாலையும் போட்டு அனுப்பியதில்லை. கடைக்காரர் கேட்காமலே போடுகிறார், விலையும் பேசமாட்டார்.

முடிவாக, உற்பத்தியாளர் கவனத்துக்கு ஓர் ‘உடப்பு மாடல்’ முன்மொழியப்படுகிறது. ஓட்டை ஏழுக்குக் குறையக் கூடாது. ஒன்று கரைவலைக்காக எட்டுக்கு இருபத்துநாலு. தகர நாக்குக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு. ஓரங்களில் சித்தப்பா, மாமி ஆகியோருக்குத் தலா ஓர் அங்குலம் நிரந்தர ஒதுக்கீடு. வருஷத்தில் சில மாதம் வடகிழக்குக் கரைக்கு வாடி போட்டு மீன்பிடிக்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோக மடக்கும் வசதி. மாதிரிப் படமாக உள்ளே யாரை வைப்பது என்பதில் மட்டும் ஊர் ஒரு முடிவுக்கு வரும் என்று தோன்றவில்லை. வீட்டுக்கு ஒரு பேரன் இருக்கிறான்.