முட்டையை விட்டுட்டுப் போன மாப்பிள்ளைக்கு

மாப்ளே, போன் போட்டா ‘மீட்டிங்ல இருக்கேன் மாமா’ங்கிற. அதான் எதுத்த வீட்டுப் பய, இந்த மைக் படத்தை அமுக்கிக்கிட்டே பேசுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான். கட்டைவிரல் வலிக்கிற மட்டும் பேசுறேன். குறுக்க பேச உனக்கு வழியில்ல, இதுல இருக்கிற சௌகரியமே அதுதான்.

பேத்தி சுகமா இருக்கா. முட்டியில ஒரு சிராய்ப்பு, மஞ்சப் பத்துப் போட்டாச்சு. உம் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத, அந்தப் பிள்ளை ராத்திரியே காரெடுத்துரும்.

நீ என்ன சொல்லி விட்டுட்டுப் போன, ஞாபகமிருக்கா? கொசு மருந்து, வெயில் கிரீம், தண்ணி பாட்டிலு, ஒரு கலர் புஸ்தகம், எல்லாத்தையும் திண்ணையில அடுக்கி வச்சிட்டு, ‘மாமா, அங்க கோயிலுன்னா க்யூவுல நிக்கிறதுன்னுதான் இவ நினைச்சுக்கிட்டு இருக்கா. நீங்க இயற்கையைக் காட்டி சாமியப் புரியவையுங்க’ன்ன. உரக்கடையில ரெண்டு மூட்டை எடுத்து வைங்கங்கிற மாதிரி. அம்பது வருசமா அய்யனாரைத் தாண்டித்தான் மாடு பத்திக்கிட்டுப் போறேன். எனக்கே அவரு இன்னும் பிடிபடல.

இருந்தாலும் படிச்சவன் சொல்லிட்டியேன்னு புஸ்தகத்தை விரிச்சேன். வானவில்லு, வண்ணத்துப்பூச்சி, தோகை விரிச்ச மயிலு. எல்லாம் சாமி படைச்சதாம். சரி, மயிலை நேர்லயே காட்டுவோம்னு வெள்ளென கடலைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏழு மயிலு நின்னுச்சு. கிணத்துத் தண்ணிய நம்பி ஊண்டின விதைய வரிசை பிடிச்சுக் கிண்டித் தின்னுக்கிட்டு இருந்துச்சுக. ‘தாத்தா, முருகன் வண்டி!’ன்னா. ஆமாத்தா, வண்டிக்குப் பெட்ரோலு நம்ம கொல்லையிலதான் போடுறாகன்னேன். அடிச்சா முருகன் கோவிச்சுக்குவாரு. அவரு விட்டாலும் 1972ல போட்ட வனவிலங்குச் சட்டம் விடாது. 1963லேருந்து தேசியப் பறவை வேற. கையில கல்லை எடுத்துக்கிட்டு, எறியாம நிக்கிற சம்சாரிய நீ பாத்ததில்லையே, அன்னைக்கு உம் மக பாத்தா. பாத்துட்டுக் கேக்குறா: ‘விதையும் சாமி படைச்சது, மயிலும் சாமி படைச்சதுன்னா, சாமி யாரு பக்கம் தாத்தா?’

உன் புஸ்தகத்துல அந்தப் பக்கத்தைக் காணோம் மாப்ளே.

மறுநா உங்க அத்தை விரதச் சோறு வச்சு, கா காங்குறா. காக்கான்னா நம்ம முன்னோருன்னு பிள்ளைக்கு விளக்கமும் சொல்லியாச்சு. காக்கா வந்துச்சு, சோத்தைக் கவ்விக்கிட்டு நேரா வேம்புக்குப் பறந்துச்சு. அங்க வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு ஒரு குஞ்சு, உடம்பெல்லாம் புள்ளி. பிள்ளை கண்ணுக்குத் தப்புமா? இது காக்காக் குஞ்சு மாதிரி இல்லையேன்னுட்டா. குயிலு கூடு கட்டாது, காக்காக் கூட்டுல முட்டைய இட்டுட்டுப் போயிரும், கூவிக்கிட்டுத் திரியிறது கருப்பா இருக்கிற ஆம்பளைக் குயிலு, புள்ளி போட்ட பொம்பளைக் குயிலு கமுக்கமா வந்து முட்டை வைக்கும், அம்புட்டையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. ‘அப்ப செத்துப்போன பூட்டன் பூட்டியெல்லாம் குயிலோட பிள்ளைய வளக்குறாங்களா தாத்தா?’

ஏன் கேக்க மாட்டா? உயிரோட இருக்கையிலயும் எங்களுக்கு அதே வேலைதான். மே மாசம் பிறந்தாப் போதும், கார்ல வந்து முட்டைய இறக்கி வச்சிட்டு, ஒரு வாய் மோரு குடிச்சிட்டுக் கூவிக்கிட்டே போயிர்றீங்க. இதுல சாமி குயிலுகிட்ட இருக்காரா, காக்காகிட்ட இருக்காரான்னும் கேட்டா. நான் வெத்தலையைப் போட்டுக்கிட்டேன். வாய் நிறைய வெத்தலை இருந்தாப் பதில் சொல்ல வேண்டாம் பாரு.

உனக்குச் சொல்றேன் கேட்டுக்க. அழகா இருக்கிறதை மட்டும் சாமி பேருக்குப் பட்டா போட்டுட்டு, தேளு, கொசு, குயிலு பண்ற களவாணித்தனம் எல்லாத்தையும் புறம்போக்குன்னு விட்டேன்னு வையி, பிள்ளை ஒரே வாரத்துல சர்வே நம்பரைக் கண்டுபிடிச்சுரும். அப்புறம் நீ சொல்ற வானவில்லையும் நம்பாது.

அடுத்தது புத்து. வெள்ளிக்கெழமையானா உங்க அத்தை பாக்கெட்டுப் பாலை வெட்டிப் புத்துக்கு ஊத்துவா. பாம்பு பால் குடிக்கிற சாதியே இல்ல, குடிச்சா அதுக்குத்தான் கேடு. நாப்பது வருசமா எனக்குத் தெரியும், நாப்பது வருசமா நான் சொல்லல. குடும்பம் நடத்தணுமில்ல. ஆனா பிள்ளைகிட்ட பொய் சொல்ல மனசு வரல. ‘இந்த வீட்டைப் பாம்பா கட்டுச்சு?’ன்னு மட்டும் கேட்டு வச்சேன். கரையான் புத்தெடுக்கக் கருநாகம் குடிவந்த கதைதான். கட்டினவ எங்கயோ இருக்கா, மஞ்சளும் குங்குமமும் குடிவந்தவருக்கு.

கோடை மழையில புத்தோட ஒரு ஓரம் சரிஞ்சு கிடந்துச்சு. குச்சி எதுவும் விடக்கூடாது, பாம்பு இருந்தாலும் இருக்கும்னு ரெண்டு எட்டு தள்ளி உக்கார வச்சு டார்ச் அடிச்சுக் காட்டினேன். சரிஞ்ச கட்டியில தேனடை கணக்கா, ஆனா பழுப்பா, கடற்பஞ்சு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது மேல ரவை தெளிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கிராமத்துல தங்கிப் படிக்க வந்த அக்ரி காலேஜுப் பிள்ளைக எனக்கு முன்னமே சொல்லியிருக்குக: அது கரையானோட தோட்டம். கட்டையையும் சருகையும் அரைச்சுக் கொண்டாந்து பாத்தி கட்டி, அதுல பூசணம் வளத்துத் திங்குது. இடி இடிச்ச மறுநாள் புத்து மேல குடை விரிக்குதே காளான், நீ சின்னப் பிள்ளையில மண்சட்டிக் குழம்போட தட்டை வழிச்சு நக்குவியே, அது இந்தத் தோட்டத்து விளைச்சலுதான். விவசாயம் பண்ணுது மாப்ளே. கடனும் இல்ல, மயிலும் வராது.

கொஞ்ச நேரத்துல கரையானுக ஒவ்வொண்ணா வந்து, ஈர மண்ணை உருட்டி உருட்டி வச்சு ஓட்டைய அடைக்க ஆரம்பிச்சுச்சுக. ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தா. உங்க வீட்டுல சோறு திங்க அஞ்சு நிமிசம் உக்காராதுன்னு சொன்னியே, அதே பிள்ளைதான். வேலைக்காரக் கரையானுக்குக் கண்ணு தெரியாதுன்னேன். ராணி அடியில கட்டைவிரல் தண்டியில படுத்துக்கிட்டு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடுறதோட சரி, ஏவல் சொல்றதில்லன்னேன். ‘அப்ப மேஸ்திரி யாரு தாத்தா?’

நீயா இருந்தா அந்த எடத்துல டபக்குன்னு ‘கடவுள்மா’ன்னு சொல்லிருப்ப. சொல்லியிருந்தா எந்திரிச்சு மண்ணைத் தட்டிவிட்டுப் போயிருப்பா. தெரியலையேத்தான்னேன். அதனால மறுநாளும் வந்து பாத்தா. ஓட்டை அடைஞ்சு போயி, அந்த எடம் மட்டும் ஈரக் கருப்பா இருந்துச்சு. தொட்டுப் பாத்துட்டு, தானா ஒரு கும்பிடு போட்டா. பாம்புக்கா கரையானுக்கான்னு நான் விசாரிக்கல.

ஆமா, 2019ல நீ காஞ்சிபுரம் போனியே. தண்ணிக்கு அடியில இருக்கிற அத்தி வரதரு 40 வருசத்துக்கு ஒருக்கா அனந்தசரஸ் குளத்தை விட்டு வெளிய வந்து 48 நாள் தரிசனம் குடுத்தாரு. நீ ஒம்போது மணி நேரம் நின்னு, மூணு செகண்டு பாத்துட்டு, ‘உடம்பே சிலுத்துருச்சு மாமா’ன்ன. நான் குறை சொல்லல. ஆனா நம்ம மோட்டார் ரூமுக்குப் பின்னால ஒரு அத்தி நிக்கிதே, அது சிலுக்கலையா உனக்கு? அன்னைக்கு வந்தப்ப அது அடியிலதான் காரை நிப்பாட்டின, பழம் விழுந்து கண்ணாடி அழுக்காயிருச்சுன்னு சொல்லிக்கிட்டே போன.

அத்தி பூத்த மாதிரின்னு வாயில சொல்றோம். அது பூக்காத நாளில்ல, பூவெல்லாம் காய்க்குள்ள இருக்கு. அடிமரத்துலயே கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டுக் காய்க்குதே, அதுல ஒண்ண அரிவாளால பொளந்து பேத்தியோட லென்சுல காட்டினேன். நூத்துக்கணக்குல பூ. அதுக்குள்ள கடுகு தண்டிக்குச் சின்னக் குளவி. பொம்பளைக் குளவி காயோட வாயில இடுக்கிக்கிட்டு நுழையும், நுழையிறப்பயே றெக்கை பிஞ்சு போகும், மகரந்தத்தைச் சேத்து முட்டையை வச்சிட்டு உள்ளயே செத்துரும். அதுக்குப் பிறக்கிற ஆம்பளைக்கு றெக்கையே கிடையாது. பொம்பளைக வெளிய போறதுக்குப் பொந்து தோண்டி விடுறதோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுரும். அத்திப்பழத்தைப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழுன்னு நாம அசிங்கமாச் சொல்றது இதைத்தான். அந்தக் குளவி இல்லேன்னா அத்திக்கு விதையில்ல, அத்தி இல்லேன்னா குளவி போக எடமில்ல. பேத்தி அழுதா, செத்த குளவிக்காக. அழட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் ஒரு பழத்தை ஊதி ஊதித் தின்னா.

பயங்காட்டியும் வளக்கலாம், அதுவும் பலிக்கும். அய்யனாரு கோயில் காட்டுல ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாதுல்ல? நான் எளவட்டத்துல ராத்திரியோட ராத்திரியா ஏர்க்காலுக்கு ஒரு கிளையை வெட்டிட்டேன். அய்யனாரு ஒண்ணும் செய்யல. எங்கப்பன் செஞ்சாரு. முதுகுல இன்னும் தழும்பு இருக்கு, பேத்தி தடவிப் பாத்தா. அந்தக் காடு இன்னும் நிக்கிதுன்னா அதுல அய்யனாரு பங்கு எம்புட்டு, எங்கப்பன் பங்கு எம்புட்டுன்னு எனக்குக் கணக்குப் பிரிக்கத் தெரியல.

ஆனா பயமே இல்லாமயும் நடக்குதப்பா. தீவாளிக்குக் கொள்ளுகுடிப்பட்டிப் பக்கம் வா, வேட்டங்குடி சரணாலயத்துக் கம்மாய்ல நாரையும் கொக்கும் வந்து அடையும். குஞ்சு மிரண்டுரும்னு அந்த ஊர்ப் பிள்ளைக வெடி போடுறதில்ல. நீ ஏழாவது மாடியிலேருந்து பத்தாயிரம் வாலாவைத் தொங்கவிட்டுக் கொளுத்துறவன், ஒருக்கா வந்து அந்தச் சத்தமில்லாத தீவாளிய உம் மகளோட பாத்துட்டுப் போ. வாயைத் திறக்காம.

விரல் மரத்துப் போச்சு. ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போ. கொசுவை யாரு படைச்சது, எதுக்குப் படைச்சாருன்னு ராத்திரி பூராக் கேட்டா. இதுக்கெல்லாம் உங்கப்பாதான் புஸ்தகம் வச்சிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். காருல நாலு மணி நேரம் இருக்குல்ல, நிதானமாச் சொல்லிட்டே போ.

வர்றப்ப உங்க அத்தைக்கு அரை லிட்டர் பாலு வாங்கிட்டு வா, புத்துக்கு ஊத்த. பாம்பு குடிக்காதுன்னு நான் சொன்னதை மட்டும் அவகிட்ட சொல்லிராத.